எலும்பும் வளரும் பருவமும்



மனித எலும்பைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு கழகத்தார் என்னைப் பணித்துள்ளனர். எலும்பு என்றவுடன் பள்ளி ஆய்வுக்கூடத்தில் தொங்கும் கூடுதான் பலருக்கும் நினைவில் எழும். அதனால் எலும்பை உயிரற்ற பொருளென்றே கருதிவிடுகிறோம். உண்மையில் அது குருதி ஓடும் உயிருள்ள உறுப்பு. உணவுக்கும் உழைப்புக்கும் ஏற்ப வளர்வது, தேய்வது. இதனை விளக்குவதே என் நோக்கம்.

பிறந்த குழந்தையின் உடலில் ஏறத்தாழ 300 எலும்புகள் உள்ளன. வளர்ந்தவர்க்கோ 206 மட்டுமே. எஞ்சியவை எங்கே போயின? வளர வளரப் பல எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. இவற்றுள் நீளமானது தொடை எலும்பு. மிகச் சிறியது செவியினுள் இருக்கும் அங்கவடி எலும்பு. அதன் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்.

எலும்பின் அமைப்பை அறிய மாணவர்கள் எளிய சோதனை ஒன்றைச் செய்யலாம். கோழிக்கால் எலும்பைச் சில நாட்கள் வினிகரில் ஊற வையுங்கள். சுண்ணாம்பு உப்புகள் கரைந்து, எலும்பு ரப்பரைப் போல் வளையும். மற்றோர் எலும்பை ஆசிரியர் முன்னிலையில் நன்கு சுட்டுப் பாருங்கள். வடிவம் மாறாது, ஆயினும் அழுத்தினால் நொறுங்கும். கொலாஜன் என்னும் புரத இழை எரிந்துவிட்டமையே காரணம். கட்டடத்தில் கம்பியும் சிமெண்டும் சேர்ந்து நிற்பதுபோல, இழையும் உப்பும் சேர்ந்தே எலும்புக்கு வலிமை தருகின்றன.

எலும்பின் பணிகள் பல. உடலைத் தாங்குகிறது. தசைகளுக்குப் பிடிமானமாகி அசைவுக்கு உதவுகிறது. மண்டையோடு மூளையையும், 12 இணை விலா எலும்புகள் இதயத்தையும் நுரையீரலையும் காக்கின்றன. சிவப்பு மச்சை குருதி அணுக்களை உண்டாக்குகிறது.

இவற்றினும் நாம் மறந்துவிடுகின்ற பணி ஒன்றுண்டு. எலும்பு ஒரு களஞ்சியம். உடலிலுள்ள கால்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. இதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் குருதியில் கால்சியம் வேண்டும். உணவில் அது குறைந்தால், உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். கடன்பட்ட குடும்பம் விதை நெல்லை எடுத்து உண்பது போன்ற நிலை இது.

எலும்பில் ஒருவகை அணுக்கள் பழையதைக் கரைக்க, மற்றொருவகை அணுக்கள் புதியதைக் கட்டுகின்றன. ஏறத்தாழ 30 வயதுக்குள் சேர்வதே பெருஞ்சேமிப்பு. அதன்பின் மெல்ல மெல்லச் செலவே மிகும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இத்தேய்வு விரைவாகும். ஆகவே, முதுமையில் வரும் எலும்பு முறிவைத் தடுக்கும் பணி பள்ளிப் பருவத்திலேயே தொடங்குகிறது.

பெற்றோர்களே, இங்கே மூன்று செய்திகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, கேழ்வரகு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேலான கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. கூழ் குடிப்பதை ஏழ்மையின் அடையாளமென்று வெட்கி, நம் பிள்ளைகள் அதனை ஒதுக்குகின்றனர். முன்னோரின் உழைப்புக்கு எலும்பாக நின்ற உணவு அது. அதில் வெட்கப்பட ஏதுமில்லை. முருங்கைக் கீரையும், முள்ளோடு உண்ணும் சிறு மீனும் இத்தகையனவே. உண்ட கால்சியம் உடலிற் சேர வெயிலும் வேண்டும்.

இரண்டாவது, பெண் பிள்ளைகள். பல வீடுகளில் கடைசியாக உண்பவர்கள் அவர்களே. பிற்காலத்தில் கருவிலுள்ள குழந்தையின் எலும்புக்கும் தாயின் உடலே கால்சியம் வழங்கவேண்டும். அவர்கள் தட்டில் குறைப்பது இரு தலைமுறைக்குக் குறைப்பதாகும்.

மூன்றாவது, சுமை. ஓடுவதும் விளையாடுவதும் எலும்பை உறுதியாக்கும். ஆயினும், வளரும் சிறுவர்களின் நீண்ட எலும்புகளின் முனையில் குருத்தெலும்பாலான வளர்தட்டுகள் உள்ளன. அவை காயமுற்றால் எலும்பு குறுகும் அல்லது கோணும். செங்கற் சூளையிலும் கல்லுடைக்கும் இடத்திலும் சிறுவர் தலையில் ஏற்றும் சுமை, அவர்களின் கல்வியோடு உடலையும் கெடுக்கும். அவர்கள் சுமக்கவேண்டியது புத்தகப்பையே. அதுவும் அளவோடு இருக்கட்டும்.

நிமிர்ந்து நிற்க முதுகெலும்பு வேண்டும். அம்முதுகெலும்புக்கு இளமையிலேயே உணவு வேண்டும். இதனை ஒவ்வொரு வீட்டிலும் எடுத்துரைக்குமாறு வேண்டுகிறேன்.