மோசஸ் வாக்கர்: கதவு சாத்தப்படுவதற்கு முன்



அமெரிக்க பேஸ்பாலில் நிறவெறியை உடைத்தவர் யார் என்று கேட்டால் ஜாக்கி ராபின்சன் என்போம். 1947இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக அவர் களமிறங்கியது பெரிய நிகழ்வுதான். ஆனால் 'முதல் கறுப்பர்' என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் அதோடு ஒரு பொய்யும் நுழைந்துவிடுகிறது. அதற்கு முன் கறுப்பர்களில் தகுதியானவர் யாருமில்லை என்கிற பொய். 63 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் ஆடியிருக்கிறார். பெயர் மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர்.

1856இல் ஒஹாயோவில் பிறந்தவர். ஓபர்லின் கல்லூரியிலும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். 1883இல் டொலிடோ அணியில் சேர்ந்தார். அந்த ஆண்டு சிகாகோ அணி அங்கே ஆட வந்தது. அதன் தலைவர் கேப் ஆன்சன், கறுப்பன் களத்தில் இருந்தால் ஆட மாட்டோம் என்றார். வாக்கருக்கு அன்று கையில் காயம். அவர் ஆடுவதாகவே இல்லை. டொலிடோ மேலாளர் வேண்டுமென்றே அவரை இறக்கினார். ஆடாவிட்டால் டிக்கெட் வசூலில் பங்கு கிடையாது என்றதும் ஆன்சன் ஆடினார். அவ்வளவுதான் அவருடைய கொள்கை!

1884இல் டொலிடோ முதல்நிலை லீக்கில் சேர்ந்தது. வாக்கர் 42 ஆட்டங்கள் ஆடினார். அவர் கேட்சர். கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரி. கூடுதலாக, எந்தப் பந்தை வீசவேண்டும் என்று வீச்சாளருக்குச் சைகை காட்டுவதும் அவர் வேலை. இன்றைய தடித்த கையுறையெல்லாம் அன்று கிடையாது.

அணியின் முக்கிய வீச்சாளர் டோனி முல்லேன், அயர்லாந்திலிருந்து குடியேறியவர். பல ஆண்டுகள் கழித்து அவரே சொன்னார்: தனக்கு வாய்த்த கேட்சர்களிலேயே சிறந்தவர் வாக்கர்தான், ஆனால் கறுப்பர்களைப் பிடிக்காது என்பதால் அவர் சைகையைப் பார்க்காமல் இஷ்டத்துக்கு வீசினேன் என்று. சொந்த அணி தோற்றாலும் பரவாயில்லை, அந்தக் கை காட்டுவதைக் கேட்கக்கூடாது. என்ன பந்து வருகிறதென்று தெரியாமலே வாக்கர் பிடித்துக்கொண்டிருந்தார். உழைப்பை வாங்கிக்கொள்வார்கள், சொல்லை ஏற்க மாட்டார்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1887இல் வாக்கர் நியூவார்க் அணியில் இருந்தார். கூடவே ஜார்ஜ் ஸ்டோவி என்ற கறுப்பின வீச்சாளர். ஜூலை 14 அன்று மறுபடி ஆன்சன் வந்தார். இந்தமுறை எதிர்த்து நிற்க ஆளில்லை, ஸ்டோவி இறக்கப்படவில்லை. அதே நாளில் இன்டர்நேஷனல் லீக் நிர்வாகிகள் கூடி, கறுப்பர்களுடன் இனிப் புதிய ஒப்பந்தம் இல்லை என்று முடிவெடுத்தார்கள். மேல்நிலை லீக்குகளுக்கு அந்தத் தீர்மானம்கூடத் தேவைப்படவில்லை. எழுதாமலே கடைப்பிடித்தார்கள். சட்டம் இருந்தாலாவது நீதிமன்றம் போகலாம்.

வாக்கருடைய தம்பி வெல்டியும் 1884இல் டொலிடோவுக்கு 5 ஆட்டங்கள் ஆடியவர். 1888இல் வேறொரு லீக்கும் கறுப்பர்களை ஒதுக்கியபோது பத்திரிகைக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். பலனில்லை. 1889இல் சிராக்யூஸ் அணியோடு வாக்கரின் ஆட்டம் முடிந்தது.

1908இல் வாக்கர் ஒரு நூல் எழுதினார். கறுப்பர்களுக்கு அமெரிக்காவில் விடிவில்லை, ஆப்பிரிக்காவுக்குப் போய்விடலாம் என்றார். அந்த முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் வெள்ளையரோடு படித்து, ஒரே அணியில் ஆடிய மனிதரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது யார்?

1924இல் இறந்தார். ஆன்சனுக்கு 1939இலேயே பேஸ்பால் புகழ்க்கூடத்தில் இடம் கொடுத்துவிட்டார்கள். ஸ்டூபன்வில்லில் வாக்கரின் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் வந்தது 1990இல். அதை வைத்ததும் பேஸ்பால் உலகம் அல்ல, அவர் படித்த ஓபர்லின் கல்லூரிக்காரர்கள்.