கண்டிச் சீமையின் படச்சுருள்கள்



கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் உள்ள பல இல்லங்களில், அலுமாரியின் அடித்தட்டில் ஒரு பிஸ்கற் தகரம் இருக்கும். அதனுள்ளே பழைய நெகற்றிவ்களும் வண்ண ஸ்லைட்களும் கிடக்கும். ஒரு நெகற்றிவை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், முகம் கறுத்தும் கூந்தல் வெளுத்தும் யாரோ ஒருவர் தெரிவார். அவர் இன்னார் எனச் சொல்ல வல்ல முதியவர் அந்த வீட்டில் ஒருவரோ இருவரோதாம் எஞ்சியிருப்பர்.

கண்டிக்கும் புகைப்படக் கலைக்கும் உள்ள உறவு பழையது. 1860களில் ஜோசப் லோட்டனும் 1870களில் சார்ள்ஸ் ஸ்கோவனும் இந்நகரிலே தொழில் நடத்தினர். அவர்கள் எடுத்த படங்களைப் பெரிய நூதனசாலைகள் பேணுகின்றன. தோட்டத் தொழிலாளியின் குடும்பப் படத்தைப் பேணுவார் யார்?

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. அண்ணன் தலைமன்னாரிற் கப்பலேற, தம்பி தோட்டத்திலேயே தங்கிய குடும்பங்கள் பல. புறப்படுமுன் சேர்ந்து எடுத்த படத்தின் பிரதி கடல் கடந்து போயிற்று. நெகற்றிவ் இங்கே நின்றுவிட்டது. அந்தச் சிறு துண்டு அழிந்தால் அக்குடும்பம் ஒன்றாயிருந்ததற்கு வேறு சாட்சி இல்லாமற் போகலாம்.

மலைநாட்டின் ஈரக்காற்று படச்சுருளுக்குப் பகை. அதன்மீதுள்ள ஜெலற்றின் பூச்சிற் பூஞ்சணம் எளிதிற் பிடிக்கும். அசற்றேற் சுருள் சிதையத் தொடங்கினால் புளிக்காடி மணம் வீசும். அத்தகையதை உடனே பிரித்து வைத்தல் வேண்டும். மூடிய தகரம் அமில ஆவியை உள்ளே சிறைப்படுத்துமாதலால் காகித உறையே நன்று.

இவற்றைக் காக்க வீட்டு மேசையில் வைக்கத்தக்க ஸ்கானர் ஒன்றே போதும். ஆனால் கடதாசியைப் படியெடுக்கும் சாதாரணக் கருவி இதற்கு உதவாது. ஒளி படச்சுருளை ஊடுருவிச் செல்ல வேண்டுமாதலால், மூடியிலும் விளக்குள்ள கருவியே தேவை. சுருளை ஓரத்திற் பிடித்து, மென்தூரிகையால் தூசு தட்டுக, நீரிற் கழுவற்க. கருவியோடு வரும் சட்டத்தில் அதனைப் பொருத்துக. நேரே கண்ணாடியிற் படிந்தால் நியூட்டன் வளையங்கள் தோன்றிப் படத்தைக் கெடுக்கும்.

35 மில்லிமீற்றர்ப் படமொன்றின் அளவு 36க்கு 24 மில்லிமீற்றர். அங்குலத்துக்கு 2400 புள்ளிகள் வீதம் எடுத்தால், ஏறத்தாழ 3400க்கு 2270 புள்ளிகள் கிடைக்கும். சுவரில் மாட்டும் அளவான படத்துக்கு அது போதும். பெட்டியில் அச்சிட்ட பெரிய எண்களைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. அகச்சிவப்புக் கதிரால் தூசு நீக்கும் வசதி வண்ணச் சுருளுக்கு ஏற்றது. கறுப்பு வெள்ளைச் சுருளில் உள்ள வெள்ளி அக்கதிரைத் தடுப்பதால், முகத்தையே தூசென்று கருதி அது அழிக்கக்கூடும். மூலக்கோப்பை 'டிஃப்' வடிவிற் சேமித்து, உறவினருக்கு அனுப்ப 'ஜேபெக்' பிரதி எடுப்பது முறை. பிரதிகள் ஈரிடங்களில் இருக்கட்டும். படியெடுத்தாயிற்று என்று நெகற்றிவை எறிந்துவிடலாகாது. மூலம் என்றும் மூலமே.

இவை அனைத்தினும் முதன்மையான பணி ஒன்றுண்டு. கருவி முகத்தைக் காட்டும், பெயரைச் சொல்லாது. ஆதலால் படம் திரையிலே தெளிந்ததும், பாட்டியை அருகில் அமர்த்திக் கேளுங்கள்: இவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு? அவர் சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். படியெடுத்தலை அடுத்த ஆண்டும் செய்யலாம். பாட்டியிடம் கேட்பதை இன்றே செய்தல் வேண்டும்.