செருப்பும் பூணூலும்: முத்துப்பட்டன் கதையின் எதிர்மைகள்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசிவிட்டுக் கலைவது வழக்கம். அதைவிட அவருக்குப் பிடித்த வேலையைச் சிறிது நேரம் நாமும் செய்து பார்ப்பது மேல். நம் சனங்களின் கதையை நம் கண்ணால் படிப்பதுதான் அந்த வேலை. இன்றைக்கு ஒரு காதல் கதையை எடுத்துக்கொள்கிறோம்.

ஓட்டப்பிடாரத்தில் காதல் கதை என்றதும் கவர்னகிரி நினைவுக்கு வரும். 1799-இல் வீரன் சுந்தரலிங்கமும் அவருடைய முறைப்பெண் வடிவும் வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்குக்குள் தீயோடு பாய்ந்து மாண்டார்கள் என்பது நம் மக்கள் காத்துவரும் நினைவு. அதில் காதலர் இருவரும் ஒரு பக்கம், எதிரி மறுபக்கம். எதிரி கடல் கடந்து வந்தவன் என்பதால் அதை மேடையில் சொல்ல யாருக்கும் கூச்சமில்லை. ஆனால் 1997-இல் அதே சுந்தரலிங்கத்தின் பெயரை அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்குச் சூட்டியபோது, அந்தப் பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசே நீக்கியது. எதிர்மை கடலுக்கு அப்பால் இல்லை, ஊருக்குள்தான் இருந்தது. அப்படி ஊருக்குள்ளிருக்கும் எதிர்மையையே பொருளாக எடுத்துக்கொண்ட காதல் கதை முத்துப்பட்டன் கதை.

தென்மாவட்டக் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் கதை இது. நா. வானமாமலை பதிப்பித்து, 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். முத்துப்பட்டன் பிராமணன். சகோதரர்களில் இளையவன். காட்டு வழியில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையைக் கண்டு மனம் பறிகொடுக்கிறான். மாடு காக்கும் வாலப்பகடையின் பெண்கள் அவர்கள். சக்கிலியர் குலம். பெண் கேட்டு வந்த பட்டனிடம், பூணூலை அறு, குடுமியைக் களை, தோல் அறுத்துச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொள் என்கிறார் வாலப்பகடை. அண்ணன்மார் தம்பியைக் கல்லறையில் பூட்டி வைக்கிறார்கள். அவன் தப்பி வந்து சொன்னபடி எல்லாம் செய்கிறான். மணம் முடிந்த கையோடு, கள்வர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போவதாகச் செய்தி வருகிறது. பட்டன் போய்ச் சண்டையிட்டு மாடுகளை மீட்கிறான். ஓடையில் இரத்தத்தைக் கழுவும்போது, ஒளிந்திருந்தவன் ஒருவன் பின்னாலிருந்து குத்துகிறான். பெண்கள் இருவரும் அவன் சிதையில் ஏறுகிறார்கள்.

இந்தக் கதை எதையும் விளக்கிச் சொல்வதில்லை. இரண்டு பொருள்களை எதிரெதிரே வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. பூணூல் தோளில் கிடப்பது, செருப்பு காலில் கிடப்பது. உடம்பின் மேல், கீழ் என்பதுதான் வருணத்தின் அடிப்படைக் கணக்கு. பட்டன் தோளில் கிடந்ததை அறுத்துப் போட்டுவிட்டு, காலுக்கானதைக் கையில் எடுக்கிறான். சாதியைப் பற்றிய நீண்ட வாதத்தை இந்த ஒரே செயலில் பாட்டு முடித்துவிடுகிறது.

அடுத்து மாடு. உயிருள்ள பசு ஒரு சாதிக்குத் தெய்வம். செத்த மாட்டின் தோல் இன்னொரு சாதிக்குத் தீட்டு. ஆனால் கதையில் உயிருள்ள மாடுகளை வெயிலிலும் மழையிலும் காப்பவர் வாலப்பகடைதான். கும்பிடுகிறவன் ஒருவன், காக்கிறவன் வேறொருவன். பிராமணனாகப் பிறந்த பட்டன், சக்கிலியர் வீட்டு மருமகனாக நின்று மாட்டுக்காக உயிரை விடுகிறான். ஆநிரை மீட்டு மாண்டவனுக்குக் கல் நட்டு வணங்கிய பழைய தமிழ் மரபு இங்கே செருப்புத் தைத்தவனுக்குக் கிடைக்கிறது.

மணப்பந்தலும் சிதையும் அடுத்தடுத்து வருகின்றன. நேருக்கு நேர் வெல்ல முடியாதவன் முதுகில் குத்துகிறான். இந்த எதிர்மைகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு மாட்டுத் திருட்டு வழக்குத்தான்.

இப்போது நாம் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறோம். இந்தக் கதைக்கு இன்னொரு வடிவம் உண்டு. அதில் பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்கள். காட்டில் விடப்பட்ட குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தாராம். இந்த ஒரு திருத்தம் போதும். இரண்டு முனைகளில் ஒன்றை உருவிவிட்டார்கள். பிராமணன் பிராமணப் பெண்களைத்தான் மணந்தான் என்றால், பூணூலை எதற்கு அறுத்தான்? அண்ணன்மார் எதற்குப் பூட்டினார்கள்? கேள்விகள் எல்லாம் அர்த்தமிழந்து போகின்றன. துயரம் அப்படியே இருக்கிறது, துயரத்தின் காரணம் மட்டும் காணாமல் போய்விட்டது.

இது இந்தக் கதைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பொம்மியைக் காதலித்த மதுரை வீரன் சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன். அவனைக் காசி ராசாவின் பிள்ளை என்றார்கள். ஆரியமாலாவைக் காதலித்த காத்தவராயன் பறையர் வீட்டில் வளர்ந்தவன். அவனுக்குத் தெய்வப் பிறப்பு சொன்னார்கள். காதலை விட்டுவிடுகிறார்கள், சாவையும் விட்டுவிடுகிறார்கள். பிறப்பை மட்டும் திருத்துகிறார்கள்.

இந்த மூன்று சாவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலிருந்து இறங்கி வந்த பட்டனைக் கள்வன் கொல்கிறான். கீழிருந்து கை நீட்டியவர்களை அரசு தண்டிக்கிறது. மதுரை வீரனுக்கு மாறுகால் மாறுகை, காத்தவராயனுக்குக் கழுமரம். காதல் எந்தத் திசையில் போகிறது என்பதைப் பொறுத்துச் சாவின் வகை மாறுகிறது.

நம் கதை என்பதற்காகக் குறையை மறைக்கக்கூடாது. பட்டனுக்குச் சோதனை வைக்கப்பட்டது, அவன் யோசித்துத் தேர்ந்தெடுத்தான். அந்தப் பெண்களுக்குச் சிதை மட்டும்தான் மிஞ்சியது. சாதி என்ற எதிர்மையைப் புரட்டிப் போட்ட பாட்டு, ஆண் பெண் என்ற எதிர்மையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டது. பொம்மக்காவும் திம்மக்காவும் உயிரோடு இருந்து, செருப்புத் தைத்துப் பிழைத்திருந்தால் இந்தக் கதையை எப்படிச் சொல்லியிருப்பார்கள்? நம் பெண் எழுத்தாளர்கள் எழுத வேண்டிய கதை அது.

பழங்கதையை இன்று ஏன் பேசுகிறோம் என்று கேட்கலாம். 2013-இல் தருமபுரி, 2016-இல் உடுமலைப்பேட்டை. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் நம் தூத்துக்குடி மாவட்டத்துப் பிள்ளை ஒருவரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். ஒவ்வொரு முறையும் அதே திருத்த வேலை நடக்கிறது. காதல் விவகாரம், குடும்பத் தகராறு என்று எழுதுகிறார்கள். செய்தியிலும் ஒரு முனையை உருவிவிடுகிறார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மணம் செய்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஊர் இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் சொல்லை மாற்றும் வேலையை நாமும் செய்திருக்கிறோம். முன்பு இதைக் கௌரவக் கொலை என்றார்கள். இயக்கங்கள் விடாமல் ஆணவக் கொலை என்று எழுதியும் பேசியும் அந்தச் சொல்லை நிலைநிறுத்தின. கொன்றவன் பக்கம் இருந்த மதிப்பை ஒரு சொல் பிடுங்கிவிட்டது. அழிக்கப்பட்ட முனையைத் திரும்ப நிறுத்துவது எப்படி என்று கேட்கும் மாணவர்களுக்கு, இதுவே நாம் காட்டும் வழி.

பாபநாசத்துக்கு மேலே, சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் சன்னதிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே காணிக்கை தோல் செருப்பு. எல்லாச் சாதிக்காரர்களும் செருப்பைக் கையில் ஏந்திக் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். நம் கரிசல் காட்டிலும் செருப்பைக் கையில் ஏந்திய வழக்கம் உண்டு. கோடையில் பாளம் பாளமாக வெடித்த நிலத்தில் நடந்து வந்த நம் பெரியவர்கள், மேலத்தெரு வந்ததும் காலில் கிடந்ததைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடந்தார்கள். அங்கே பக்தி, இங்கே பயம். கையில் இருப்பது என்னவோ ஒரே செருப்புத்தான்.

அதைக் காலில் போட்டுக்கொண்டு எல்லாத் தெருவிலும், விரும்பியவரின் கையைப் பிடித்துக்கொண்டு நம் பிள்ளைகள் நடக்க வேண்டும். நடந்து போய் உயிரோடு வீடு திரும்பவும் வேண்டும். அதற்கான வேலையை இந்த அவையிலிருந்து தொடர்வோம்.