கல்பாசியும் கட்டைப் பாசியும்

(கொடைக்கானல் மேல்மலைக் குழுக்களின் கூட்டத்தில் பேசியது)



போன தடவை நாங்கள் அனுப்பிய கல்பாசி மூட்டையில் பாதியைக் கழித்துவிட்டு, மீதிக்கு மட்டமான விலை போட்டார் வியாபாரி. கோபம்தான் வந்தது. பிரித்துக் கொட்டிப் பார்த்தால் தப்பு எங்களுடையது. உளுத்த கட்டையில் சுரண்டியதும் அதில் கலந்து கிடந்தது.

இரண்டும் சாம்பல் நிறம், அதுதான் ஏமாத்துது. மோந்து பார்த்தும் பிரயோஜனமில்லை. கல்பாசி எண்ணெயில் விழுந்தால்தான் வாசம் விடும். திருப்பிப் பாருங்க. கல்பாசி இலை மாதிரி அகலமாகப் படரும். அடிப்பக்கம் கன்னங்கரேல்னு இருக்கும், ஓரம் மட்டும் பழுப்பு. மரப்பட்டையிலும் பாறையிலும் வளரும்.

கட்டையில் இருப்பது கிளாடோனியா. மக்கின மரத்திலும் ஈரம் தங்கும் கறுப்பு மண்ணிலும் வரும். பொடிப்பொடிச் செதில், அதிலிருந்து சின்னக் குச்சி எழும்பி, நுனியில் கோப்பை வைத்தாற்போல இருக்கும். சிலதுக்கு நுனி சிவப்பு. குச்சியைக் கிள்ளினால் உள்ளே வெறும் கூடு. பார்க்க அழகுதான், மசாலாக் கடையில் கேட்க மாட்டாங்க.

பாசி என்கிறோமே தவிர, பூஞ்சையும் பாசியும் கூடி வாழ்கிற ஒன்று இது. வேர் கிடையாது, காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால் ரோட்டோரத்தில் பறிக்காதீங்க, வண்டிப் புகை அதில் தங்கியிருக்கும். வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு மரத்தை மொட்டையாக்கினால் நம்ம பிள்ளைங்க காலத்தில்தான் மறுபடி பறிக்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடி கொண்டு வாங்க. உட்கார்ந்து பிரித்துப் பழகுவோம்.