கந்தையும் கைத்தையலும்

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றனர் முன்னோர். கசக்குவதோடு தைக்கவும் அறிந்த இல்லத்தில் கந்தைக்கே இடமில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதி, பிரித்தானியாவில் ஆடைப் பங்கீடு தொடங்கிற்று. முதலாண்டில் வளர்ந்த ஒருவருக்குக் கிடைத்தவை 66 கூப்பன்களே. கம்பளியாலான மேற்சட்டை, உட்சட்டை, காற்சட்டை மூன்றையும் ஓர் ஆண்மகன் வாங்கினால் அவற்றுள் 26 கழிந்துவிடும். ஆகவே, வளரும் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் பழைய உடுப்புக்களே துணியாயின. 1943இல் பழையதைச் செப்பனிடும் முறைகளை விளக்கிக் கைந்நூலொன்றை அரசாங்கமே வெளியிட்டது. பங்கீடு 1949 வரை நீடித்தது.

அக்காலத் தாய்மார் கையாண்ட முறைகள் எளியவை. படுக்கை விரிப்பு நடுவிலேதான் முதலில் நையும். அதனை நெடுக்காக இரண்டாய் வெட்டி, உறுதியான இரு கரைகளையும் நடுவே பொருத்தித் தைத்து, வெட்டிய ஓரங்களை மடித்துத் தைத்தால் மீண்டும் உழைக்கும். சட்டைக் கழுத்துப்பட்டி தேய்ந்தால் தையலைப் பிரித்து, உட்புறம் வெளிவரத் திருப்பித் தைக்கலாம்.

எத்துணியையும் வெட்டுமுன் துவைத்து, வெளிச்சத்திற்கெதிரே பிடித்துப் பார்த்தல் வேண்டும். நைந்த இடம் தானே தெரியும். ஒட்டுப்போடப் பழந்துணியே ஏற்றது. துவைக்காத புதுத்துணி பின்னர் சுருங்கி, தாங்கவேண்டிய துணியையே கிழித்துவிடும்.