பயிரழிவு வழக்கை எங்கே விளங்குவது?

கமக்காரர் ஒருவரின் வயலிலே கட்டாக்காலி மாடுகள் இரவோடிரவாகப் புகுந்து பயிரை அழித்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். வயல் மன்னாரில் இருக்கின்றது; மாட்டுக்குச் சொந்தக்காரர் வவுனியாவில் வாழ்கின்றார். நட்டஈடு கோரும் வழக்கை எந்த ஊர் நீதிமன்றத்திலே தொடுப்பது?

இலங்கையின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 1889ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டது. அதன் 9ஆம் பிரிவின்படி, பிரதிவாதி வதியும் இடத்திலும் வழக்கிடலாம். வழக்குக்குரிய நிலம் இருக்கும் இடத்திலும், வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலும் இடலாம். ஆகவே, தெரிவு வழக்காளியினுடையது. ஆயினும் பயிரைப் பொறுத்தவரையில் வயலிருக்கும் ஊரே ஏற்ற இடம் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

காரணம் பயிரின் இயல்பிலேயே உள்ளது. இடிந்த மதில் வழக்கு முடியும்வரை இடிந்தபடியே கிடக்கும்; பயிரோ அவ்வாறு காத்திராது. மார்கழியிலே மாடு மேய்ந்த காலபோக வயல் மாசியிலே அறுவடையாகிவிடும். அதன்பின் நீதிபதியின் முன் காட்டுவதற்கு அரிதாள்தான் மிஞ்சும். அன்றியும், சேதத்தின் அளவு பயிரின் பருவத்தைப் பொறுத்தது. இளம்பயிரை மேய்ந்தால் அது அடியிலிருந்து மீண்டும் துளிர்த்து ஓரளவு விளைச்சல் தரக்கூடும். குடலைப் பருவத்திலே கதிரோடு கடித்துவிட்டால் அந்தப் போகம் போனதுதான். இரண்டையும் ஒரே கணக்கிலே மதிப்பிடுவது அநீதி. எந்த வரம்புவரை மேய்ந்தது, எந்தப் பருவத்தில் மேய்ந்தது, அந்த வயல் வழக்கமாக எத்தனை மூடை தரும் என்பவற்றைச் சொல்லத்தக்கவர் பக்கத்து வயற்காரரே. அவரைத் தமது வேலையை விட்டுத் தொலைவிலுள்ள நீதிமன்றத்துக்கு ஒவ்வொரு தவணைக்கும் அலையச் செய்தால், இரண்டாந் தவணைக்கு வரமாட்டார். சாட்சியின்றி வழக்கும் நில்லாது.

இதனை முன்னையோர் உணர்ந்திருந்தனர். 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தினால் அமைந்த கிராம நியாயசபைகள் இத்தகைய சிறு பிணக்குகளை ஊரிலேயே விளங்கின. 1945இல் அவை கிராமக் கோடுகளாயின, 1970களில் ஒழிந்தன. அவற்றிலே குறைகள் இல்லாமலில்லை. ஆனால் வயலுக்கும் வழக்குக்கும் இருந்த தூரம் குறுகியிருந்தது.

பிரதிவாதியை அயலூருக்கு இழுப்பது கொடுமையன்றோ என்று கேட்கலாம். அடுத்த ஊர்க்காரர்கள் தம்மவர் பக்கம் சாய்வார்கள் என்ற அச்சமும் நியாயமானதே. அதற்குப் பரிகாரம் வழக்கை இடம் மாற்றுவதன்று. சேதம் நேர்ந்த உடனேயே, பயிர் நிற்கும்போதே, இருதரப்பினர் முன்னிலையிலும் வயலைப் பார்த்து அளவைக் குறித்துக்கொள்வதாகும். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்கோ நீதிமன்றத்துக்கோ பின்னர் போகும்போது அந்தக் குறிப்பு கையிலிருந்தால், வவுனியாக்காரரும் வீண்பழிக்கு ஆளாகார்.