ஆடியில் தொடங்கும் ஆப்பிள்

ஆடி பிறந்ததும் நம் ஊர்ப் பழக்கடைகளில் "சிம்லா ஆப்பிள் வந்தாச்சு" என்பார்கள். வருவது ஒரே பழம் அல்ல. மாதத்துக்கு ஒரு ரகம், ரகத்துக்கு ஒரு ருசி.

சிம்லாவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் போனால் கோட்கட் மலைச்சரிவு. இன்றைய சிம்லா ஆப்பிளின் கதை அங்கேதான் தொடங்கியது. அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் 1904-இல் இந்தியா வந்தார். உள்ளூர்ப் பெண்ணை மணந்து கோட்கட்டிலேயே தங்கிவிட்டார். விடுதலைப் போராட்டத்தில் சிறையும் சென்றார். அவர் 1916-இல் அமெரிக்காவிலிருந்து ரெட் டெலிஷஸ் கன்றுகளை வரவழைத்து நட்டார். அதுவரை ஆங்கிலேயர் வளர்த்த ரகங்கள் பெரும்பாலும் புளிப்பு. இந்த இனிப்புப் பழம் மலைக்காரர்களின் பிழைப்பையே மாற்றியது.

பருவத்தைத் தொடங்கிவைப்பது ஜூலையில் வரும் டைட்மேன். மணமும் லேசான புளிப்பும் உண்டு. ஆனால் நாள்பட நிற்காது, சீக்கிரம் மாவாகிவிடும். ஆகஸ்டிலிருந்து ராயல் டெலிஷஸ். அடிப்பக்கம் ஐந்து மேடுகள் தெரிந்தால் டெலிஷஸ் இனம்தான். கடித்தால் நல்ல இனிப்பு, புளிப்பு பேருக்குத்தான். அடுத்து மஞ்சள் நிற கோல்டன். மெல்லிய தோல், நிறைய சாறு. விலை குறைவென்றாலும் இதைத் தோட்டக்காரர் வெட்டுவதில்லை. ராயல் காய்க்க வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும். அதைத் தருவது கோல்டன். ஏப்ரலில் பூக்கும்போது தேனீப் பெட்டிகளை வாடகைக்கு வாங்கி வைப்பதும் அந்த மகரந்தம் சேர்வதற்காகவே. கடைசியில் வருவது பச்சை நிற கிரானி ஸ்மித், நாக்கைச் சுண்டும் புளிப்பு.

பறிப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது. பழத்தை இழுக்கக் கூடாது. உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கித் தூக்கி லேசாகத் திருகினால் காம்போடு கையில் வந்துவிடும். இழுத்தால் பக்கத்து மொட்டும் ஒடியும். அடுத்த ஆண்டுக் காய்ப்பு அந்த மொட்டில்தான். பறித்ததை முதுகில் சுமக்கும் 'கில்டா' கூடையில் போட்டு, சரிவில் இறக்கி, அளவுவாரியாகப் பிரித்து அட்டைப்பெட்டியில் அடுக்குகிறார்கள். முன்பெல்லாம் பெட்டியில் அளவுக்கு மேல் திணிக்கவைத்து அதே விலை தருவது மண்டியில் வழக்கம். அதைத் தடுக்க 2024 பருவத்திலிருந்து இமாச்சல் அரசு 20 கிலோ பெட்டியைக் கட்டாயமாக்கியது.

மழையும் ஆலங்கட்டியும் தாண்டித்தான் இந்தப் பழம் நம் கைக்கு வருகிறது. நேயர்களே, வாங்கும்போது சிவப்பை மட்டும் பார்க்காதீர்கள். என்ன ரகம் என்று கேளுங்கள். தொட்டால் கெட்டியாக, கைக்குக் கனமாக இருப்பதை எடுங்கள். புது ஆப்பிளின் ருசி தெரிய வேண்டுமானால் ஆவணி, புரட்டாசியில் வாங்கிச் சாப்பிடுங்கள்.